மிளகாய்ப் பொதிக்கு ஒரு படி

கண்ணு,

கல்யாணப் பத்திரிகைக் கட்டு இன்னைக்குக் காலையில அச்சகத்திலிருந்து வந்து சேர்ந்துது. உங்கப்பா முதல் பத்திரிகையை எடுத்து நாலு மூலையிலயும் மஞ்சள் தடவி சாமி படத்துக்கு முன்னாடி வெச்சார். அடுத்ததை எடுத்துக்கிட்டு, கண்ணாடியைத் துடைச்சுப் போட்டுக்கிட்டு, பிழை தேட உக்காந்தார். அரை மணி நேரம் தேடிப்போட்டு, "ஒரு தப்பும் இல்ல அம்மணி, சுத்தமா அடிச்சிருக்கறான்"னு என்கிட்ட நீட்டினார். நானும் படிச்சேன். உன் பேரு, மேகலா பேரு, ரெண்டு வீட்டுப் பெரியவங்க பேரு, எல்லாம் சரி. கீழே சின்ன எழுத்துல ரெண்டு வரி இருக்குது. முகூர்த்தம் முடிஞ்சதும் கோயில் வாசல்ல மாப்பிள்ளைக்குப் பரிவட்டம் கட்டி முதல் மரியாதை. அதுக்கு முன்னாடி வம்சத்துச் செப்புப் பட்டயத்தை வாசிப்பவர் மணமகனின் தாயார், பேராசிரியர், இன்னார். தப்பே இல்லைன்னு உங்கப்பா சொன்ன பத்திரிகையில அந்த ரெண்டு வரியும் தப்புத்தான் கண்ணு. அதைச் செஞ்சவ நான்.

இதைப் போன்ல சொல்லிப்போடலாம்னுதான் பார்த்தேன். வீட்டுப் போன் கூடத்துல இருக்குது. கூடத்துல இப்ப எந்நேரமும் நாலு சொந்தக்காரங்க உக்காந்து புடவைக் கலர் பேசிட்டு இருக்காங்க. அதனால ரெண்டு நாளா பீளமேடு பஸ் ஸ்டாப்புக்குப் பக்கத்துல இருக்கற எஸ்.டி.டி. பூத்துக்குப் போயி உன் பெங்களூர் ஆபீஸுக்குப் பண்ணினேன். கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் மூணு பேர் நின்னுக்கிட்டு என் வாயையே பார்க்கறாங்க. "சாப்பிட்டியா கண்ணு, அங்க மழையா"ன்னு கேட்டுப்போட்டு வெச்சுட்டேன். சோறு விசாரிக்கறதுக்கா இவ பூத்துக்கு வந்தான்னு நீ நினைச்சிருப்ப. ஒரு பீரியட் முழுக்க மூச்சு விடாமப் பாடம் நடத்தறவளுக்கு ஒரு வார்த்தை வரலை. அதான் கூரியர்ல அனுப்பறேன். முழுசாப் படி. நடுவுல நிறுத்திட்டுப் போனை எடுக்காதே.

உனக்கு விவரம் தெரிஞ்ச நாளிலிருந்து நம்ம வீட்டுல ஒரு அறை ராஜாக்களுக்குத்தான். செருப்பு டப்பாவுல அடுக்கின குறிப்பு அட்டைகள், கட்டிலுக்கு அடியில கல்வெட்டு மேல மை ஒத்தி எடுத்த மைப்படித் தாள்கள், நீ ஊர்ந்துக்கிட்டுப் போயி ஒரு தாளைக் கிழிச்சு வாயில போட்டுக்கிட்டு வாங்கின அடி, எல்லாம் அங்கதான். நான் படிச்சது பெரிய சக்கரவர்த்திகளை இல்லை. விஜயநகரத்துப் பிடி தளர்ந்த பிறகு நம்ம கொங்குப் பக்கம் பத்து ஊருக்கு ஒருத்தர், இருபது ஊருக்கு ஒருத்தர்னு முளைச்சாங்களே, அந்தப் பாளையத்து ராஜாக்களை. உங்கப்பா மில்லுல ஷிப்டு முடிச்சு வந்து, "செத்து முந்நூறு வருசமான ஆளுக இன்னைக்கு என்ன பண்ணிப்போட்டாங்க?"ன்னு தினமும் கேப்பார். நான் பதில் சொல்றது ஒரே ஒரு ஓலையைப் பத்தி. மெட்ராஸ் சுவடி நூலகத்துல படிச்சது. ஒரு சின்ன அரண்மனைக் கணக்குப்பிள்ளை ராஜாவோட அன்றாடத்தை எழுதி வெச்சிருக்கான். ஒரு நாள் நல்ல மழை. ஏரி நிரம்பறதைப் பார்க்கணும்னு ராஜாவுக்கு ஆசை. குடை பிடிக்கறவனுக்குக் காய்ச்சல். அதனால போகலை. அவ்வளவுதான் குறிப்பு. குடையில்லாம ராஜா வாசல் தாண்டக் கூடாது, அவரே குடையைப் பிடிச்சுக்கவும் கூடாது. அதைப் படிச்சு அந்தப் பெரிய மேஜை முன்னாடி நான் அழுதேன், வெக்கமில்லாம. ராஜாங்கறவர் அதிகாரம் பண்றவர்னு நினைச்சுக்கிட்டு இருந்தேன். வெத்தலை மடிக்கறவன், குடைக்காரன், வம்சம் பாடறவன், பரிவட்டம் கட்டற பூசாரி, இத்தனை பேரும் சேர்ந்து கட்டி உக்கார வெச்ச ஒரு ஆளுன்னு அன்னைக்குத்தான் புரிஞ்சுது. என்னோட ஆராய்ச்சி முழுக்க அந்த ஒரு நாள் மழையிலிருந்து வந்ததுதான்.

அந்தச் சமயத்துலதான் பெரியவர் வீட்டுப் பட்டயத்தைப் பத்திக் கேள்விப்பட்டேன். பெரியவர்னா மேகலாவோட தாத்தா, உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. அன்னூர்ப் பக்கம் அவங்க முன்னோர்தான் பாளையத்து ராஜா. ராஜ்யம் போயி இருநூறு வருசம் ஆகியும் மில்லும் தோட்டமும் மரியாதையும் போகலை. பூசையறையில இருக்கற பட்டயத்தை வெளியாள் யாருக்கும் காட்டினதில்லை. நான் ஏழெட்டுத் தடவை நடந்தேன். கடைசியில, "தலைக்குத் தண்ணி ஊத்திக்கிட்டு வாங்க அம்மணி, ஒரு காலை நேரம்தான் வெளிய எடுப்பேன்"னார். உன்னையும் கூட்டிட்டுத்தான் போனேன். உனக்கு அஞ்சு வயசு, விட்டுட்டுப் போக ஆளில்லை. மேகலா அப்ப தொட்டில்ல கெடந்தா. பெரியவர் ரெண்டு கையாலயும் தகட்டைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருக்கார், நான் லென்ஸை வெச்சுக்கிட்டு ஒவ்வொரு வரியாப் படிச்சு எழுதறேன். பாதியில சமையல்கட்டுல யாரோ மிளகாயை வறுத்தாங்க. அய்யோ, அந்தக் கமறல்! பெரியவர் தகட்டை வெச்சுக்கிட்டே இருமறார், நீ தும்மறே, தொட்டில் குழந்தை வீல்னு கத்துது, எனக்குக் கண்ணுல தாரை தாரையாத் தண்ணி. முந்தானையில துடைச்சுக்கிட்டே எழுதினேன். விஜயநகரத்து ராயர் இந்த வம்சத்து முதல் ஆளுக்குப் பட்டம் கட்டி, கோயில்ல என்னைக்கும் முதல் மரியாதை குடுத்து, கோயில் செலவுக்கு நெல்லுப் பொதிக்கு இத்தனை, மிளகுப் பொதிக்கு இத்தனை, மிளகாய்ப் பொதிக்கு ஒரு படின்னு விட்டுக் குடுத்திருக்கார். எழுதி முடிச்சதும் பெரியவர் தகட்டைப் பட்டுத் துணியில சுத்திக்கிட்டே, "எல்லாம் சரியா இருக்குதுங்களா?"ன்னு கேட்டார். நான் பூரிச்சுப் போயிருந்தேன். "அருமையா இருக்குதுங்க"ன்னு சொல்லிப்போட்டு வந்தேன்.

அந்தப் பட்டயத்தை வெச்சுத்தான் என் ஆராய்ச்சிப் பட்டம், என் புஸ்தகம், அப்புறம் இந்தக் கல்லூரி வேலை. கல்லூரி நிர்வாகத்துல பெரியவர் இருந்தார். நான் கேக்கலை, அவரா சொல்லி அனுப்பினார். நல்ல மனுசன் கண்ணு. அதை எழுதாம விட்டா இந்தக் கடிதமும் பொய்யாப் போயிரும். உனக்கு மஞ்சக்காமாலை முத்தி நினைவு தப்பினப்போ காரோட வந்து உன்னைத் தூக்கிட்டுப் போயி, ஆஸ்பத்திரியில ரெண்டு நாள் வெளிப் பெஞ்சுல உக்காந்திருந்தது அவர்தான். உங்கப்பா அன்னைக்கு மில்லுல ஸ்ட்ரைக்குல மாட்டிக்கிட்டார். கெட்டவனா இருந்திருந்தா எனக்கு இத்தனை பாடு இருந்திருக்காது.

இனி வர்றதுதான் விசயம். பத்து வருசத்துக்கு முன்னாடி, ரெண்டாம் வருசம் பி.ஏ. வகுப்பு. முதல் பீரியட் கடல் வாணிபம். போர்த்துகீசியர் கப்பல்ல கொண்டு வந்து இறக்கின பயிர்கள்னு சொல்லி, மிளகாய், புகையிலை, முந்திரின்னு வரிசையா எழுதிப் போட்டேன். வருசா வருசம் எழுதிப் போடற வரிசை, தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவேன். அடுத்த பீரியடும் அதே வகுப்புக்கு எனக்குத்தான். கொங்கு வரலாறு. பெரியவர் வீட்டுப் பட்டயத்தை வாசிச்சு விளக்கினேன். மூணாவது பெஞ்சுல ஜரீனான்னு ஒரு பொண்ணு எந்திரிச்சா. அவங்க அத்தாவுக்கு, அதான் அப்பாவுக்கு, டவுன்ல வத்தல் மண்டி. "மிஸ், ஒரு சந்தேகமுங்க. மிளகாய் கப்பல்லதான் வந்துச்சுன்னு இப்பத்தான் சொன்னீங்க. இந்த ராஜா அந்தக் கப்பல் வர்றதுக்கு எம்பது வருசம் முன்னாடியே மிளகாய்ப் பொதிக்கு ஒரு படி குடுக்கறாருங்களே, எப்படிங்க மிஸ்?" வகுப்பே கொல்லுனு சிரிச்சுது. அவ பயந்துபோயி, "எங்க மண்டியில மிளகாய்தானுங்க மிஸ், அதான் காதுல விழுந்துச்சு"ன்னா. அவ கேக்கறது சரின்னு எனக்கு அந்த நிமிஷமே தெரிஞ்சுபோச்சு. என்ன சொன்னேன் தெரியுமா? "மண்டிப் பேச்சையெல்லாம் வீட்டோட வெச்சுக்கம்மா. முதல்ல பரிட்சைக்குப் படிக்கற வழியைப் பாரு." அந்தப் பொண்ணு முகம் சுருங்கி உக்காந்துது. அதுக்கப்புறம் அந்த வருசம் முழுக்க அவ ஒரு கேள்வி கேக்கலை.

மதியம் ஸ்டாஃப் ரூம்ல சாப்பாட்டு டப்பாவைத் திறக்காம அந்தப் பழைய நோட்டை எடுத்துப் பார்த்தேன். இருக்குது. என் கையெழுத்துல, கண்ணுல தண்ணி பட்டு மை ஊறின இடத்துல, மிளகாய்ப் பொதிக்கு ஒரு படி. நூறு தடவை படிச்சிருக்கேன், அச்சுல திருத்தியிருக்கேன், மேடையில சொல்லியிருக்கேன். ஒரு தடவைகூடக் கண்ணுல படலை. எப்படிப் படும் சொல்லு? எங்க தோட்டத்துல கெணத்து மேட்டுல மிளகாய், வாசல்ல காயறது மிளகாய், தின்னு வளர்ந்தது மிளகாய்ச் சட்னி. உப்பு எப்ப வந்துதுன்னு யாராவது கேப்பாங்களா? வேற தேசத்துக்காரன் எவனாவது அந்தத் தகட்டைப் படிச்சிருந்தா முதல் வாசிப்புலயே நிமிர்ந்து பார்த்திருப்பான். நான் இந்த மண்ணுக்காரி, அதனாலயே குருடியாயிட்டேன். அன்னைக்கு அந்த வீட்டுல மூக்குல ஏறின மிளகாய் என் மண்டையில ஏறப் பத்துப் பதினோரு வருசம் ஆச்சு. பெரியவரோட முப்பாட்டன் காலத்துல, ஏதோ ஒரு சண்டை சச்சரவுல, கோயில்ல தனக்கு உரிமை உண்டுன்னு காட்டறதுக்கு யாரோ அடிச்ச தகடு அது. பெரியவருக்கு அது தெரியாது. இன்னைக்கு வரைக்கும் அதுக்குத் தினமும் கற்பூரம் காட்டறார்.

சாக்கு தேடறதுல எங்க தொழில்காரங்களை மிஞ்ச ஆளில்லை. பழைய தகடு தேஞ்சு போயி புதுசா நகல் எடுத்திருப்பாங்க, எடுத்தவன் அவன் காலத்துப் பயிரைச் சேர்த்திருப்பான்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். இருக்கலாம். ஆனா அப்படின்னா அதையாவது எழுதியிருக்கணும். ஒரு பக்கக் கட்டுரை போதும், எனக்கு இதுல சந்தேகம் வந்துருச்சுன்னு. எழுதலை. எழுதினா புஸ்தகம் போச்சு, பெரியவர் முகத்துல முழிக்க முடியாது, வேலை என்ன ஆகுமோ தெரியாது. லீவுல எழுதலாம்னேன், நீ ப்ளஸ் டூ முடிக்கட்டும்னேன். இப்படியே ரெண்டு வருசம் ஓடுச்சு.

அப்பத்தான் நஞ்சப்பன் வாத்தியார் வந்தார். நீதான் கதவைத் திறந்தே, ஞாபகம் இருக்குதா? வெள்ளை வேட்டி, குடையைக் கக்கத்துல இடுக்கிக்கிட்டு, ஒல்லியா ஒருத்தர். அந்தக் கோயிலைச் சேர்ந்த மூணு ஊருல ஒண்ணுல ஆரம்பப் பள்ளி வாத்தியார். மூணு ஊரும் முறை வெச்சுப் பரிவட்டம் வாங்கிட்டு இருந்தது அவங்க தாத்தா காலத்து வழக்கம். வாத்தியார் தலையிலயும் ரெண்டு தடவை கட்டியிருக்காங்க. அந்த முறை இனிமேல் கிடையாது, பட்டயத்துல எங்களுக்கு மட்டும்தான்னு பெரியவர் வீட்டுல சொல்லி, வழக்கு ஆயிருச்சு. பெரியவர் பக்கத்துச் சாட்சியா என்னைக் கூப்பிட்டிருந்தாங்க. வாத்தியார் என்கிட்ட ஒண்ணும் கெஞ்சலை. "நாங்க படிக்காதவங்க இல்லீங்க, ஆனா தகடு படிக்கத் தெரியாதுங்க. நீங்க உள்ளதைச் சொன்னாப் போதுமுங்க. அது எங்களுக்கு எதிரா இருந்தாலும் சரித்தானுங்க"ன்னார். காப்பி குடிச்சிட்டு, டம்ளரைத் தானே கழுவி வெச்சிட்டுப் போனார்.

நான் கோர்ட்டுக் கூண்டுல போயி நின்னேன். வக்கீல் ஒரே கேள்விதான் கேட்டார். இந்தப் பட்டயம் அதுல சொல்லியிருக்கற காலத்ததுதானான்னு. பெரியவர் முன் பெஞ்சுல உக்காந்திருக்கார், உன்னை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போன அதே கை மடியில இருக்குது. "ஆமாங்க"ன்னேன். அந்த ஒரு வார்த்தை எத்தனை சுலபமா வந்துது தெரியுமா கண்ணு! வெளியில வந்தப்போ வாத்தியார் எனக்கு வழி விட்டு ஒதுங்கி நின்னு, "நீங்க சொன்னா அது சரியாத்தானுங்க இருக்கும்"னு கும்பிட்டார். அவர் திட்டியிருக்கலாம். அன்னையிலிருந்து அந்த மூணு ஊருக்கும் முறை போச்சு. திருவிழாவுக்கு வாத்தியார் வர்றார், ஆனா வாசலுக்கு வெளியவே நின்னு கும்பிட்டுட்டுப் போயிடறார்னு கேள்வி.

அதே மாசம் நீ என்ன பண்ணினேன்னு ஞாபகம் இருக்குதா? ப்ளஸ் ஒன் ரேங்க் கார்டுல என் கையெழுத்தை நீயே போட்டுக் குடுத்து மாட்டிக்கிட்டே. அச்சு அசல் என்னோடது மாதிரியே போட்டிருந்தே, கெட்டிக்காரன். நான் விளக்குமாத்தால அடிச்சு, ஹெட்மாஸ்டர் முன்னாடி நீயே போயிச் சொல்லணும்னு தெருமுனை வரைக்கும் தள்ளிக்கிட்டு வந்தேன். "பொய்க் கையெழுத்து போட்டவன் எதையும் செய்வான்"னு தெருவே கேக்கக் கத்தினேன். நீ அழுதுக்கிட்டே போயி, சொல்லிட்டு, அழாம வந்தே. பதினேழு வயசுப் பையன். வந்து, "சொல்லிட்டேம்மா, இப்ப லேசா இருக்குது"ன்னே. நான் சமையல்கட்டுக்குள்ள போயிக் கதவைச் சாத்திக்கிட்டேன். கோவம் இன்னும் தீரலைன்னு நினைச்சிருப்ப. கோவமில்லைடா, பொறாமை. பெத்த பையனைப் பார்த்து வந்த பொறாமை.

அதுக்கப்புறம் எனக்குக் கிடைச்சதெல்லாம் மரியாதைதான். விழா மலர்ல கட்டுரை, மேடையில பொன்னாடை, "எங்க வம்சத்தை ஊருக்குச் சொன்ன அம்மா"ன்னு பெரியவர் வாயால அறிமுகம். ஒவ்வொரு தடவையும் மேடையிலிருந்து இறங்கறப்போ, அடுத்த தடவை சொல்லிடுவேன்னு நினைப்பேன். அந்த மழை பார்க்காத ராஜாவாவது குடைக்காரனுக்காகக் காத்திருந்தார். நான் எவனுக்குக் காத்திருந்தேன்? பிறகு நீயும் மேகலாவும் கல்லூரி ஆண்டு விழாவுல பார்த்து, பேசி, ரெண்டு வருசம் கடிதம் எழுதி, அதை நான் கண்டுபிடிச்சேன். எந்தத் தாய்க்கும் சந்தோசமா இருக்க வேண்டிய விசயம், எனக்கு அப்படி இருக்கலை. அவங்க உயரத்துக்கு ஒத்துக்க மாட்டாங்கன்னு உள்ளுக்குள்ள ஒரு நப்பாசைகூட இருந்துது, அதையும் சொல்லிடறேன். ஆனா பெரியவர் நம்ம வீட்டுக்கே வந்து, "எங்களுக்குப் பட்டம் கட்டினவங்க நீங்க. உங்க பையனுக்குப் பொண்ணு குடுக்க நாங்க யோசிப்பமுங்களா?"ன்னு தட்டை மாத்திட்டுப் போயிட்டார். நீ பின்னால நின்னு சிரிச்சுக்கிட்டு இருந்தே. இனி எந்தப் பக்கம் திரும்பினாலும் சுவருதான்னு எனக்கு அன்னைக்குத் தெரிஞ்சுபோச்சு.

போன புதன்கிழமை ஜரீனா வந்தா. பத்து வருசத்துல ஆளே மாறிட்டா. இப்ப ஒரு கல்லூரியில சரித்திரம் நடத்தறா, எம்.ஃபில். முடிச்சிருக்கா. கையில ஒரு டைப் அடிச்ச கட்டுரை. கொங்கு நாட்டுச் சந்தைகளுக்கு மிளகாய் எப்ப வந்துதுன்னு பழைய சுங்கக் கணக்கு, சமையல் குறிப்பு, கோயில் செலவுன்னு தேடித் தேடி எழுதியிருக்கா. நல்ல கட்டுரை கண்ணு. நான் எழுதியிருக்க வேண்டியது. பதினாலாம் பக்கத்துல ஒரே ஒரு அடிக்குறிப்பு, பட்டயத்தைப் பத்தி. என்னைக் குறை சொல்லாம, இந்தப் பட்டயத்தின் காலம் மறுபடி பார்க்கப்பட வேண்டும்னு மட்டும். "அச்சுக்குப் போறதுக்கு முந்தி உங்ககிட்ட காட்டணும்னு தோணுச்சுங்க மிஸ். கல்யாணப் பத்திரிகை அடிக்கக் குடுத்துட்டதாக் கேள்விப்பட்டேன். உங்களுக்குச் சங்கடம்னா அந்தக் குறிப்பை எடுத்துப்போடறேனுங்க"ன்னா. வகுப்புல நான் பேசினதை அவ மறந்திருப்பாளா என்ன? ஒரு வார்த்தை குத்திக் காட்டலை. எடுத்துடுன்னு சொல்லியிருந்தா எடுத்திருப்பா. அவளையும் என் கூடச் சேர்த்துப் பூட்டியிருப்பேன். நான் பேனாவை எடுத்து அந்தக் குறிப்புக்குக் கீழயே எழுதினேன்: ஜரீனா சொல்றது சரி, இதை நான் பத்து வருசமா அறிவேன், என் புஸ்தகத்துல இருக்கறது பிழை. கையெழுத்துப் போட்டு, "இதையும் சேர்த்து அச்சடிக்கச் சொல்லு"ன்னேன். அவ அழுதா. நான் அழலை, பேனாவை மூடி வெச்சேன்.

உங்கப்பாகிட்டச் சொன்னேன். "இத்தனை வருசம் சும்மா இருந்தவ, இன்னும் பன்னெண்டு நாளு இருக்க மாட்டியா? தாலி ஏறட்டும், அப்புறம் சொல்லிக்க"ன்னார். தப்பாச் சொல்லலை, பாவம். நானும் அதையே நினைச்சுப் பார்த்தேன். தாலி ஏறின அடுத்த நிமிஷம் உன் தலையில பரிவட்டம். வாத்தியார் தலையிலிருந்து என் ஒரு "ஆமாங்க" எடுத்த துணி அது. அதைக் கட்டறதுக்கு முன்னாடி நான் மைக்ல நின்னு மிளகாய்ப் பொதிக்கு ஒரு படின்னு வாசிக்கணும். வாசலுக்கு வெளிய வாத்தியார் நின்னு கேப்பார். நாலு மாசம் கழிச்சு ஜரீனா கட்டுரை அச்சாகி வரும். அப்ப நீ அந்த வீட்டு மருமகன், அம்மாவுக்குத் தெரிஞ்சே நடந்துதான்னு ஊரே உன்னைப் பார்க்கும், நீ என்னைப் பார்ப்பே. அது என்னால முடியாது.

பரிவட்டம் கட்டிக்கறதும் மறுக்கறதும் உன் இஷ்டம்னு எழுத நினைச்சு, எழுதி, அடிச்சுட்டேன். தெரிஞ்ச பிறகு இஷ்டம் எங்க இருக்குது? நான் அடைஞ்சு கெடந்த அறைக்கதவை உன் பக்கமாத் தொறந்துவிட்டிருக்கேன், அவ்வளவுதான். அதுக்கு உன்கிட்ட மன்னிப்புக் கேக்கறேன். ஒரு அம்மா மகனுக்குச் சொல்ற புத்தின்னு ஏதாவது எழுதணும்னா இதுதான் எனக்குத் தெரியும்: மேகலாகிட்ட எதையும் அப்புறம் சொல்லிக்கலாம்னு வெக்காதே. முதல் நாள் சொல்றதுக்கு அரை நிமிஷம் போதும். பத்து வருசம் கழிச்சுச் சொல்றதுக்கு இத்தனை பக்கம் ஆகுது, பாரு.

பெரியவருக்கு முந்தாநாள் அதே பூத்திலிருந்து போன் பண்ணினேன். சொல்லிடறதுன்னுதான் பண்ணினேன். அவர் குரலைக் கேட்டதும், "என்னால பட்டயம் வாசிக்க முடியாதுங்க"ங்கறது வரைக்கும்தான் வந்துது. அவர் பதறிப்போயி, "தொண்டை சரியில்லீங்களா அம்மணி? கல்யாண அலைச்சல், அப்படித்தானுங்க இருக்கும்"னார். நான் ம்னுட்டேன். ஒரு மணி நேரத்துல டிரைவர்கிட்டப் பொட்டலம் வந்துருச்சு. பனங்கற்கண்டு, சித்தரத்தை, கூட அவர் கையால ஒரு சீட்டு: வெந்நீர்ல போட்டுக் குடிங்க, நீங்க வாசிக்காம எங்க வீட்டு விசேசம் நிறைவாகாதுங்க. அந்தப் பொட்டலம் இப்ப இந்தக் கடிதத்துக்குப் பக்கத்துல மேஜை மேல இருக்குது. எனக்குத் தொண்டையில ஒண்ணுமில்லை.

செவ்வாய்க்கிழமை காலையில முதல் அன்னூர் பஸ்ஸைப் பிடிச்சுப் போறேன். கார் அனுப்பச் சொல்லலை. அந்தப் பொட்டலத்தை அப்படியே அவர் முன்னாடி வெச்சு, எனக்குத் தொண்டை நல்லாத்தானுங்க இருக்குதுன்னு ஆரம்பிக்கப் போறேன். அங்கிருந்து வாத்தியார் ஊருக்கு நடந்தே போயிக்கலாம், ரெண்டு மைல்தான். கடிதம் உனக்குத் திங்கட்கிழமை கிடைச்சிரும்னு கூரியர்காரன் சத்தியம் பண்றான். நடுவுல இருக்கற அந்த ஒரு நாளை உனக்காகத்தான் விட்டிருக்கேன் கண்ணு. அதை வெச்சுக்கிட்டு என்னைத் தடுக்கப் பார்க்காதே. மேகலா இதை அவங்க தாத்தா வாயால கேக்கறதுக்கு முந்தி உன் வாயால கேக்கட்டும். இப்பப் போனை எடு.

உன் அம்மா